மோர்தால் குவெஸ்ட்: மோவார்த் ஏன் இப்படி ஊமையாக உட்கார்ந்திருக்கிறான்?

நள்ளிரவுத்தேநீர்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்கைரிம் என்கிற வீடியோ கேமில் வரும் 'லெய்ட் டு ரெஸ்ட்' குவெஸ்டை, அதாவது அந்தக் கதைப் பணியை, முழுதாக உடைத்துப் பேசப் போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள். 2011இல் வந்த கேமுக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கையா என்று சிரிக்காதீர்கள், போன தள்ளுபடியில்தான் நானே வாங்கினேன்.

விஷயம் இதுதான். மோர்தால் என்று சதுப்பு நிலத்துக்கு நடுவில் ஒரு அழுமூஞ்சி ஊர். எப்போது போனாலும் பனிமூட்டம், எல்லார் முகத்திலும் இழவு வீட்டுக் களை. அங்கே ஒரு வீடு எரிந்து கிடக்கிறது. ஹ்ரோகர் என்பவனுடைய மனைவியும் சின்னப் பெண்ணும் அதில் செத்துப் போயிருக்கிறார்கள். மனைவி அடுப்பில் கரடிக் கொழுப்பைக் கொட்டிவிட்டாள் என்று அவன் கதை சொல்கிறான், ஆனால் மறுநாளே ஆல்வா என்கிற பெண் வீட்டில் குடியேறிவிட்டான். ஊரே சந்தேகப்படுகிறது, யாரிடமும் ஆதாரம் இல்லை. சரி, கள்ளக்காதல் கொலை போல என்று நினைத்துக்கொண்டு எரிந்த வீட்டுக்குள் போனால், ஹெல்கி என்கிற அந்தக் குழந்தையின் ஆவி நின்றுகொண்டு கண்ணாமூச்சி விளையாட வா என்று கூப்பிடுகிறது. ராத்திரிதான் விளையாட வேண்டுமாம், ஏனென்றால் 'இன்னொருத்தரும்' விளையாடுகிறாராம். அது யார் என்று சொல்ல மாட்டாளாம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் எல்லா விளக்கையும் போட்டேன்.

அப்புறம் இடுகாட்டில் அந்தக் குழந்தையின் சவப்பெட்டி, பக்கத்தில் லேலெட் என்கிற பெண் வேம்பயர், அவளைத் தேடி ஓடி வரும் அவள் புருஷன் தோனிர், அங்கிருந்து ஆல்வா வீட்டு நிலவறை, அவளுடைய நாட்குறிப்பு, அதில் முதல் முறையாக மோவார்த் என்கிற பெயர். ஊர் முழுவதையும் அடிமையாக்கி ரத்தத்துக்காக மாடுகள் போல வைத்துக்கொள்ளத் திட்டம் போட்டவன் அவன்தான் என்று தெரிகிறபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது.

இவ்வளவு பில்டப்புக்குப் பிறகு குகைக்குள் போகிறேன், நீளமான மேசையின் தலைமாட்டில் ஒருத்தன், பந்தியில் இலை போடுவதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அதுதான் மோவார்த். மேலே இருளில் பதுங்கி வில்லில் அடித்தேன், நாலைந்து அம்பில் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டல் இல்லை, பேரம் இல்லை, சாகும்போது ஒரு வசனம்கூட இல்லை. பையைத் துழாவினால் ஒரு ஜோடி பூட்ஸ்.

நான் ஏதாவது டயலாக்கைத் தவறவிட்டேனா? நேராக எதிரே போய் நின்றிருந்தால் பேசியிருப்பானா? இல்லை, இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றால், இவ்வளவு அழகான குவெஸ்டுக்கு ஏன் இப்படி ஒரு மொக்கை வில்லன்?

பனிக்கரடி_07:

தவறவிடவில்லை. அவனுக்கு டயலாக்கே கிடையாது. முன்னால் போய் நின்றாலும் பார்த்தவுடன் அடிப்பான். நான் வேம்பயராக மாறி விளையாடிச் சேமித்து வைத்த சேவிலும் போய்ப் பார்த்தேன், சொந்தக்காரன் வந்திருக்கிறானே என்று ஒரு முகமன்கூடக் கிடையாது, அதே அடிதான்.

அவன் லெவல் உங்கள் லெவலோடு சேர்ந்து ஏறும். கேமில் சீக்கிரமே போனால் சுலபம், லெவல் ஏறிய பிறகு போனால் கூட இருக்கும் மற்ற வேம்பயர்களோடு சேர்ந்து நன்றாகவே உறிஞ்சுவார்கள். நீங்கள் பதுங்கி அடித்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் விழுந்தான், மறைந்திருந்து வில்லால் அடித்தால் சாதாரணமாகவே இரண்டு மடங்கு அடி விழும், அதற்கான பெர்க் (கூடுதல் திறமை) எடுத்திருந்தால் மூன்று மடங்கு. கத்தியோடு பின்னால் போயிருந்தால் இன்னும் கேவலமாகச் செத்திருப்பான்.

பூட்ஸை விற்றுவிடாதீர்கள். பதுங்கிப் போவதற்கு உதவும்.

கைவிளக்கு:

நள்ளிரவுத்தேநீர், கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் வில்லன் யார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. மோவார்த் இந்தக் குவெஸ்டின் வில்லன் இல்லை. ஆல்வாதான். ஆல்வாவை வில்லியாக வைத்து முழுக் கதையையும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்.

அந்த நாட்குறிப்பை அவசரமாகப் புரட்டிவிட்டு ஊரை ஆளும் ஜார்லிடம் ஓடியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வோம், குவெஸ்ட் மார்க்கர் இழுக்கும். பொறுமையாகப் படியுங்கள். ஊர் வாழ்க்கையில் சலிப்படைந்த ஒருத்தி, எவனோ ஒரு வெளியூர்க்காரன் இரவில் வருகிறான், மயங்குகிறாள், மாறுகிறாள். அதுவரை பரிதாபப்படலாம். அதற்குப் பிறகு என்ன எழுதுகிறாள்? பகலில் தான் பெட்டிக்குள் தூங்கும்போது காவலுக்கு ஒருத்தன் வேண்டும், ஹ்ரோகர் சரியான ஆள், அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, அதை அப்புறப்படுத்த வேண்டும். கணக்கு எழுதுகிற தொனி. அவளுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குக் குலை நடுங்குகிறது. லேலெட்டை மாற்றிவிட்டு, அவள் ஸ்டார்ம்கிளோக் என்கிற கிளர்ச்சிப் படையில் சேரப் போய்விட்டாள் என்று ஊரில் செய்தி பரப்புகிறாள். தோனிர் அதை நம்பிக்கொண்டு, மகன் விர்க்மண்டுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறான். நீங்கள் அந்தப் பையனிடம் பேசிப் பார்த்தீர்களா? பேசாமல் விட்டிருந்தால் உங்கள் மனநிம்மதிக்கு நல்லது.

லேலெட்டிடம் கொடுத்த வேலை ஆளைக் கொல்வதும், அது விபத்து போலத் தெரிவதும். அவள் வீட்டையே கொளுத்திவிட்டாள், குழந்தையை மட்டும் தனக்காக எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆல்வா அதை எழுதும் இடத்தில் குழந்தை செத்ததற்கான வருத்தம் ஒரு துளி இல்லை, வேலையை இப்படிச் சொதப்பிவிட்டாளே என்கிற எரிச்சல் மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு ஹெல்கி சவப்பெட்டிக்குள்ளிருந்து சொல்வதைக் கேளுங்கள். லேலெட்டுக்கு அம்மாவையும் தன்னையும் எரிக்க மனம் இல்லையாம், தன்னோடு என்றென்றைக்கும் விளையாட ஆசைப்பட்டாளாம், கழுத்தில் முத்தம் கொடுத்தாளாம், உடனே உடம்பு அப்படிக் குளிர்ந்துபோனதாம், அதனால் நெருப்பு சுடவே இல்லையாம். கொலையைக் குழந்தை விவரிக்கிறது, ஆனால் அவளுக்கு அது கொலை என்று தெரியாது. இந்தக் கேமை உருவாக்கிய பெதெஸ்டா எழுதியதிலேயே இதைவிடக் கனமான இடம் எனக்கு நினைவில்லை. யாரும் அழவில்லை, இசை உருகவில்லை, தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றுவிடுகிறது.

இந்தக் காட்சி வந்தபோது மோவார்த் என்று ஒருத்தன் இருப்பதே நமக்குத் தெரியாது. அவன் இல்லாமலே கதை உச்சத்தைத் தொட்டுவிட்டது. பிறகு அவன் வந்து என்ன பேச முடியும்? 'நான்தான் எல்லாவற்றையும் செய்தேன், ஹா ஹா' என்று ஒரு வசனம் எழுதியிருந்தால் முந்தைய காட்சியும் சேர்ந்து கெட்டிருக்கும். பேசாமல் இருந்ததே மேல் என்பது என் கட்சி.

ஒரு உபரித் தகவல். மோர்தாலுக்குள் முதல் முறை நுழையும்போது ஹைமூன் ஹாலுக்கு முன்னால் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருப்பார்களே, ஊருக்குள் மந்திரவாதி வேண்டாம் என்று? அது ஃபாலியனைப் பற்றி. ஊரே அவனைச் சந்தேகிக்கிறது. வேம்பயர் நோய் முற்றியவர்களைத் திரும்ப மனிதராக்கத் தெரிந்தவன் அவன்தான். அவனுடைய சகோதரி ஜோனா நடத்தும் விடுதியில்தான் உங்களுக்கு வீடு எரிந்த கதையே முதலில் காதில் விழுகிறது. கறுப்பு அங்கி போட்டவனை எல்லாரும் முறைத்துக்கொண்டிருக்கும்போது, எல்லாரோடும் சிரித்துப் பேசுகிற அழகி ஊரைத் தின்றுகொண்டிருக்கிறாள். இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை, நாமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூலகப்பூனை:

கைவிளக்கு சொன்னது ஆல்வா பற்றிச் சரி. ஆனால் மோவார்த் ஒன்றுமில்லாதவன் என்று எல்லாரும் முடிவு கட்டுவதற்கு முன்னால் இதையும் கேளுங்கள், ஏனென்றால் இந்த ஆளுக்கு ஒரு முன்கதை இருக்கிறது, அது குவெஸ்டுக்குள் இல்லை, ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறது.

கேமில் கிடைக்கும் புத்தகங்களில் 'இம்மார்ட்டல் பிளட்' என்று ஒன்று உண்டு. இது ஸ்கைரிமுக்காக எழுதப்பட்டதுகூட இல்லை, இதே வரிசையில் 2006இல் வந்த முந்தைய கேமான ஒப்லிவியனிலேயே இருந்தது. அதில் ஒரு கோயில் பூசாரி கதை சொல்கிறார். அவரைத் தேடி மோவார்த் பிக்வைன் என்று ஒருவன் வருகிறான். தொழில் என்ன தெரியுமா? வேம்பயர் வேட்டை. ஆமாம், அவன் வேட்டைக்காரன்.

வேம்பயர் நோயைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவனைப் பூசாரி உட்கார வைத்து ஒவ்வொரு நாட்டிலும் எந்தெந்த வகை வேம்பயர் இருக்கிறது என்று பாடம் எடுக்கிறார். பாதிப் பேர் இந்தப் புத்தகத்தை ஒரு பட்டியலாக மட்டும்தான் நினைவு வைத்திருப்பார்கள். வாலன்வுட்டில் போன்சாமு என்று ஒரு கூட்டம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் தவிர மற்றவர்களிடமிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. கீரில்த் என்கிறவை மூடுபனியாகக் கரைந்துவிடும். யேகெஃப் ஆளை முழுதாக விழுங்கும். டெல்போத் என்கிறவைதான் கொடுமை, குழந்தையைக் கொன்றுவிட்டு அந்தக் குழந்தையின் இடத்தில் குடும்பத்துக்குள் நுழைந்துகொள்ளும், பிறகு எல்லாரையும் முடிக்கும். இதைப் படித்துவிட்டு ஹெல்கியை நினைத்துப் பாருங்கள், லேலெட் செய்ய முயன்றது அதற்குத் தலைகீழ். ஸ்கைரிமில் உறைந்த ஏரிகளுக்கு அடியில் வாழும் வோல்கிஹாரும் இதில் வருகிறார்கள். அந்தப் பெயரைத்தான் 2012இல் டான்கார்டு டிஎல்சியில் (கேமோடு பிறகு சேர்த்த கூடுதல் பகுதி) எடுத்து ஒரு கோட்டையே கட்டிக் கொடுத்தார்கள்.

மோவார்த் ஒவ்வொரு முறையும் போய் வேட்டையாடிவிட்டு, காயத்தோடும் அடுத்த கேள்வியோடும் திரும்பி வருகிறான். கடைசிச் சந்திப்பில் பேச்சு சிரோடில் நாட்டு வேம்பயர்கள் பக்கம் திரும்புகிறது. வயிறு நிறைந்திருக்கும்போது சாதாரண மனிதர்கள் போலவே இருப்பவர்கள், நாகரிகமாக ஊருக்குள்ளேயே மறைந்து வாழ்பவர்கள். நாம் இருக்கும் இந்த ஊரே சிரோடில்தான், எதிரே உட்கார்ந்து இத்தனை நாள் பாடம் எடுத்தவர் யார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. நமக்கும் அதே நொடியில்தான். புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்கும் எழுதவில்லை. ஸ்கைரிமில் நாம் பார்ப்பது அந்தக் கதையின் மறுபக்கம். ஒப்லிவியன் நடப்பது மூன்றாம் யுகம் 433இல், ஸ்கைரிம் நான்காம் யுகம் 201இல். நடுவில் சுமார் இருநூறு வருஷம். ஜார்ல் இட்கிராடிடம் நாட்குறிப்பைக் கொடுக்கும்போது, மோவார்த் நூறு வருஷத்துக்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டதாக நினைத்திருந்தேன் என்கிற மாதிரி ஒரு வரி சொல்வார், கவனித்தீர்களா? அதாவது ஊரில் அவன் ஒரு பழங்கதை. வேட்டையாடப் போனவன், வேட்டைப் பொருளாகி, இந்தக் குளிர் நாட்டில் ஒரு பொந்தில் வந்து ஒடுங்கி, ஒரு சதுப்புநில ஊரைக் கைப்பற்றி வெயிலுக்கு மறைவாக வாழலாம் என்று திட்டம் போட்டிருக்கிறான். திட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள், ஊருக்குள்ளேயே மனிதர்களுக்கு நடுவில் ஒளிந்து வாழ்வது. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பூசாரிதானே.

இவ்வளவு கனமான ஆளுக்கு ஒரு வரி டயலாக் கொடுக்காமல் விட்டது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் மொக்கை வில்லன் என்று மட்டும் சொல்லாதீர்கள், மனசு கேட்கவில்லை.

ஆறாம்விரல்:

மன்னிக்கவும், இதெல்லாம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு வில்லனைப் புரிந்துகொள்ள ஐந்து வருஷம் முன்னால் வந்த வேறொரு கேமின் அலமாரியில் கிடந்த புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்றால் அது எழுத்தாளரின் சாமர்த்தியம் இல்லை, ரசிகர்களின் பொறுமை. குவெஸ்டின் முதல் பாதியை எழுதியவர்கள் பிரமாதமாக எழுதியிருக்கிறார்கள், கடைசியில் வழக்கமான குகை, வழக்கமான அடிமைகள், வழக்கமான பெட்டியில் வழக்கமான தங்கம். எந்தக் குவெஸ்டாக இருந்தாலும் ஒரு குகையில் கொண்டு போய் முடித்துவிட வேண்டும் என்பது அந்தக் கேமின் வியாதி. மோவார்த்துக்குப் பதில் அங்கே ஒரு கொள்ளைக்காரத் தலைவனை உட்கார வைத்திருந்தாலும் விளையாட்டில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. அதுதான் என் குறை, அவன் பேசாதது இல்லை.

வேம்பயரைப் பக்கக் கதைக்கு வில்லனாக வைப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் 2015இல் வந்த விட்சர் 3 என்கிற கேமில் 'கார்னல் சின்ஸ்' குவெஸ்டை ஆடுங்கள். நோவிகிராட் நகரத்தில் வரிசையாகக் கொலைகள், செத்தவர்களைப் பாவிகள் என்று சொல்லிக் கடிதம் எழுதி வைக்கிறான் கொலைகாரன். பாடகி பிரிசிலாவைத் தாக்கி ஃபார்மலினை வாயில் ஊற்றிவிடுகிறான், பாட்டுப் பாடி எல்லாரையும் உருக வைத்தவள் பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். டாக்டர் யோவாகிம் வான் கிராட்ஸோடும், பிண ஆய்வாளர் ஹூபர்ட் ரெய்க்கோடும் சேர்ந்து நாம் துப்புத் துலக்குகிறோம். தடயங்கள் எல்லாம் நத்தானியேல் என்கிற ஒரு கேடுகெட்ட மதகுரு பக்கம் போகின்றன. விபச்சார விடுதியில் ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்துகொண்டிருக்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்கிறோம். கோபத்தில் அவனை அங்கேயே வெட்டிப் போட்டால் குவெஸ்ட் முடிந்துவிடும். முடிந்தது என்று கேம் சொல்லிவிடும். ஆனால் கொலைகாரன் அவன் இல்லை.

ஒரு நிமிஷம் கையை அடக்கிக்கொண்டு அவனை விசாரித்தால்தான் உண்மை தெரியும், பிணத்தை அறுத்துக் காட்டி நமக்கு விளக்கம் சொன்ன அந்த மரியாதையான ரெய்க்தான் வேம்பயர். அவன் நம்மோடே இருந்தான், பேசினான், உதவினான். நாம் தேடிக்கொண்டிருந்தவனே தடயத்தை நம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். தப்பான ஆளைக் கொன்றுவிட்டு திருப்தியாக வீட்டுக்குப் போகவும் கேம் நம்மை அனுமதிக்கிறது. மோர்தாலில் இந்த மாதிரி ஏதாவது உண்டா? ஹ்ரோகரைத் தப்பாகக் குற்றம் சாட்டித் தூக்கில் போட வழி இருந்திருந்தால் அது குவெஸ்ட். இது நடந்துபோய் அம்பு விடுவது.

கைவிளக்கு:

ஆறாம்விரல், ஹ்ரோகர் பற்றி நீங்கள் சொன்னது நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆல்வாவும் கிட்டத்தட்ட ரெய்க் வேலையைத்தானே செய்கிறாள், குவெஸ்ட் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஊருக்குள் நடமாடுகிறாள், நாம் அவளோடு பேசியிருப்போம், இரவில் மட்டும் வெளியே வருகிறாள் என்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? என் அண்ணன் மகன் அவளிடம் கல்யாணத்துக்குப் பெண் கேட்க முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தான்.

நூலகப்பூனை:

விட்சர் என்றதும் ஒன்று. ரெய்க்கை அந்தக் கேமின் நாயகன் ஜெரால்ட் கொல்கிறார், சரி. மறு வருஷம் வந்த 'பிளட் அண்ட் வைன்' டிஎல்சியில் உயர்வகை வேம்பயரை இன்னொரு உயர்வகை வேம்பயர்தான் ஒரேயடியாகக் கொல்ல முடியும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அப்படியென்றால் ரெய்க் எப்படிச் செத்தான் என்று இன்றுவரை ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சிலர் அவன் உயர்வகையே இல்லை என்கிறார்கள், சிலர் என்றைக்காவது எழுந்து வருவான் என்கிறார்கள். ஊமை மோவார்த்துக்கு இந்தத் தலைவலி இல்லை. செத்தான் என்றால் செத்தான்.

அப்புறம், வேம்பயரே இல்லாத ஒரு வேம்பயர் குவெஸ்டை யாரும் மறந்துவிட வேண்டாம். ஒப்லிவியனில் 'எ பிரதர்ஹுட் பிட்ரேய்டு'. ப்ரூமா நகரத்தில் ரேனில் டிராலாஸ் என்று ஒருத்தன் தன்னை வேம்பயர் வேட்டைக்காரன் என்று சொல்லிக்கொண்டு, பிராடன் என்பவனைக் கொன்றுவிட்டு, அவன் வேம்பயர், ஊரைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறான். காவல் தலைவரும் நம்பிவிடுகிறார். செத்தவனுடைய மனைவி மட்டும் நம்பவில்லை. தோண்டினால், மூன்று நண்பர்கள் சேர்ந்து கண்டெடுத்த ஒரு பொருளுக்காக மற்ற இரண்டு பேரையும் ஒருத்தன் தீர்த்துக்கட்டிய கதை. ஊருக்குள் வேம்பயர் பயம் இருந்தால் போதும், வேம்பயர் தேவையில்லை. நல்ல வேம்பயர் வில்லன் யார் என்று கேட்டால் நான் ரேனிலைத்தான் சொல்வேன், பல் முளைக்காதவன் என்பது ஒரு குறையா என்ன.

நள்ளிரவுத்தேநீர்:

எல்லாருக்கும் நன்றி, ஒரு சின்னக் கேள்விக்கு இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு 'இம்மார்ட்டல் பிளட்' தேடி எடுத்துப் படித்தேன். பூசாரி விஷயம் தெரிந்துகொண்டு படித்தாலும் கடைசிப் பக்கம் வேலை செய்கிறது. இப்போது மோவார்த் மேல் எனக்குக் கோபம் போய், அவன் மேசையில் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் ஆறாம்விரல் சொன்னதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். ஆல்வா வில்லி என்றால் அவளோடு ஒரு மோதலாவது ஒழுங்காக வைத்திருக்கலாம். நான் போனபோது பகல், அவள் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள், நாட்குறிப்பு அங்கேயே இருந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாட்குறிப்பு எழுதுகிற வில்லன்களை வைத்துத்தான் இந்தக் கேமில் பாதிச் சட்டம் ஒழுங்கே நடக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு குகை வாசல் வரை வந்துவிட்டு ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள், தோனிர் மட்டும் நின்றான். நான் அவனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன், மூன்றாவது திருப்பத்திலேயே செத்துவிட்டான். இதனால் ஏதாவது கெடுமா? அப்புறம், சண்டையில் ஏதோ நோய் ஒட்டிக்கொண்டது, சாங்குவினாரே வாம்பிரிஸ் என்று காட்டுகிறது. இது என்ன?

பனிக்கரடி_07:

இரண்டாவதை முதலில் பாருங்கள். அது வேம்பயர் நோய். கேமுக்குள் மூன்று நாள் ஓடினால் நீங்களே வேம்பயர் ஆகிவிடுவீர்கள். நோய் தீர்க்கும் மருந்து குடியுங்கள், இல்லை ஏதாவது கோயில் பீடத்தைத் தொடுங்கள், உடனே போய்விடும். மூன்று நாள் தாண்டிவிட்டால் மருந்தும் பீடமும் பலிக்காது, ஃபாலியனிடம்தான் போக வேண்டும், நிரப்பின கறுப்பு சோல் ஜெம் (ஆன்மாவை அடைத்து வைக்கும் கல்) ஒன்று கேட்பான், விடியற்காலையில் சதுப்பில் சடங்கு. தூங்கவோ காத்திருக்கவோ வேண்டாம், நேரம் ஓடிவிடும்.

தோனிர் செத்ததால் குவெஸ்ட் கெடாது, முடியும். ஜார்லிடம் பேசுங்கள், மோர்தாலில் மரியாதை கூடும். வீடு கட்டும் டிஎல்சியான ஹார்த்ஃபயர் இருந்தால் வின்ட்ஸ்டாட் நிலத்தை 5000 தங்கத்துக்கு வாங்கலாம், மீன் பண்ணை வைக்கலாம், ஊரை விட அங்கே காற்று பரவாயில்லை.

கைவிளக்கு:

குவெஸ்ட் கெடாது, ஆனால் விர்க்மண்ட் என்று ஒரு பையன் இருக்கிறானே. முதலில் அம்மா, இப்போது அப்பாவும். பழைய சேவ் இருந்தால் திரும்பிப் போய் தோனிரை வாசலிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள் தம்பி. அப்படியே மோவார்த் செத்த பிறகு குகையை விட்டு அவசரமாக ஓடி வராமல் வெளியேறும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஹெல்கியின் குரலும் அவளைக் கூப்பிடும் அம்மாவின் குரலும் கேட்கும். நிறையப் பேர் பெட்டியைத் துழாவிக்கொண்டே அதைக் கோட்டை விடுகிறார்கள்.

நள்ளிரவுத்தேநீர்:

சேவ் இருக்கிறது, குகை வாசலுக்கு முன்னால் ஆட்டோசேவ். மருந்து வாங்கிக்கொண்டு இன்றைக்கு ராத்திரி திரும்பப் போகிறேன். இந்தத் தடவை அம்பு இல்லாமல் நேராகவே போய் நிற்கப் போகிறேன், பேச மாட்டான் என்று தெரிந்தும்.

ஆறாம்விரல்:

நின்று பாருங்கள். லெவல் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் வீரம் பேசலாம்.